மதகடியில் மாற்றாத சிம்

எங்கள் வட்டையின், அதாவது வயல்வெளிக்காரர்களின், வட்ஸ்அப் குறூப்பைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. நாற்பத்தொரு பேர் அதில் இருக்கிறோம். விடிந்தால் ரோசாப்பூ, வெள்ளிக்கிழமை என்றால் முருகன், மழை பெய்தால் எந்த நாட்டிலோ எவனோ எடுத்த வெள்ளத்தின் வீடியோ. யார் என்னத்தைப் போட்டாலும் மற்றவர்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கட்டை விரல்களில் ஒன்று என்னுடையது. அன்னப்பூரணி மச்சாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நான் திட்ட வேண்டியிருக்கிறது.

மச்சாள் என்பது முறைக்கு. என் மனைவி சுலோஜனாவின் பெரியம்மா மகள் அவர். எனக்கு மண்டூர் சொந்த ஊர் இல்லை, கலியாணம் கட்டி வந்தவன். வீடுகளுக்கு வயரிங் செய்வதுதான் தொழில். சுலோஜனாவுக்குச் சீதனமாகக் கிடைத்த ஓர் ஏக்கர் வயல் இலுப்பையடி வட்டையில் இருக்கிறது. அதற்கு அடுத்து, வடிச்சல் வாய்க்காலோடு ஒட்டி, வட்டையின் கடைசித் துண்டாகக் கிடப்பது மச்சாளுடைய இரண்டரை ஏக்கர். அதுவும் தாய் கொடுத்ததுதான். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குப் போகும், ஆம்பிளை உடுத்த உடுப்போடு வந்து குடியேறுவான். அப்படி வந்த என்னை வட்டைக் கூட்டத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை. மச்சாளைப் பொருட்படுத்துவார்கள். சரியாகச் சொன்னால், பயப்படுவார்கள்.

அந்த வாய் அப்படி. புருசன் செத்துப் பதினொரு வருஷமாக அந்த இரண்டரை ஏக்கரை ஒருத்தியாக நின்று விதைத்து வெட்டுகிறவர் அவர். உரக்கடைக்காரன் முதல் நெல் வாங்க வரும் லொறிக்காரன் வரை ஏய்க்கப் பார்த்தவர்கள்தான். ஒவ்வொருவரிடமும் சண்டை பிடித்துப் பிடித்துத் தொண்டையே அந்தச் சுருதியில் நின்றுவிட்டது. காலையில் "தேத்தண்ணி குடிச்சீங்களா மச்சான்?" என்று அவர் என்னைக் கேட்டால்கூட வேலிக்கு அப்பால் நிற்கிறவன் ஏதோ கலவரம் என்று எட்டிப் பார்ப்பான்.

போன புரட்டாதி மாதக் கூட்டத்தில் வட்டைவிதானையைப் பிடித்தார். வட்டைவிதானை என்பவர் வயற்காரர்கள் கூடித் தெரிவு செய்கிற ஆள். தண்ணீர் முறை பார்ப்பது, மாடு நுழையாமல் காப்பது, அறுவடைக்கு வெட்டு மெசின் பேசிக் கொண்டுவருவது, எதுவானாலும் வயல் வயலாகப் போய் அறிவிப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. அதற்காக வெட்டு முடிந்ததும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் அவருக்கு நெல் அளப்பார்கள். எங்கள் விதானையார் வினாயகமூர்த்தி அறுபது வயதுக்காரர், தெரிந்தெடுத்து ஐந்து வருஷமாகிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சோம்பேறி. குறூப் வந்த நாளிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் வாய்க்கால் கட்டுக்கு வருவதே அருமை.

"விதானையார், கடைசி வயலுக்குத் தண்ணி வந்து பன்ரெண்டு நாள். நீங்க கட்டிலில கிடந்து வொய்ஸ் போட்டா வாய்க்காலில தண்ணி ஓடுமா?" என்று மச்சாள் எழும்பிக் கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். விதானையாருக்கு முகம் கறுத்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சாளின் வீடு வாவிக் கரையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு கட்டும் துறைக்குக் கிட்ட. அங்கே ஒரு கம்பனியின் சிக்னல் மட்டும்தான் உருப்படி, அதுவும் வாவிக்கு அக்கரையில் நிற்கும் டவரிலிருந்து தண்ணீருக்கு மேலால் வருவது. வயல் அங்கிருந்து ஆறு கிலோமீற்றர் மேற்கே. அங்கே அந்தக் கம்பனியின் சிக்னல் மருந்துக்கும் கிடையாது, வேறொரு கம்பனிக்காரனின் டவர்தான். விளம்பரத்தில் இருவருமே நாடு முழுக்கத் தாங்கள்தான் என்கிறார்கள். இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிற ஒருத்தி தன் வீட்டிலும் தன் வயலிலும் பேச இரண்டு கம்பனிக்குக் காசு கட்ட வேண்டும். கேட்க நாதியில்லை.

களுவாஞ்சிக்குடியில் போன் கடை வைத்திருக்கும் காத்தான்குடி அஸ்பாக்தான் இரண்டு சிம் போடும் போனை விற்றுப் பழக்கியும் விட்டவர். "அக்கா, கோல் ரெண்டு சிம்முக்கும் வரும், அதுக்கு ஒண்டும் செய்யத் தேவல்ல. டேட்டா மட்டும் ஒரு நேரத்தில ஒரு சிம்மிலதான். வீட்ட இரிந்தா இதில வைங்க, வயலுக்குப் போனா அதில மாத்துங்க" என்று சொல்லிக் கொடுத்தார். மச்சாள் அன்றைக்கே இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார்: வீட்டுச்சிம், வயற்சிம். ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய நம்பர் வயற்சிம். மகளின் முகம் உடையாமல் தெரிவது வீட்டுச்சிம்மில்.

வயலுக்குப் போகும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. அது வரைக்கும் ஒரு கம்பனி, அதற்கு அங்கால் மற்றது. மச்சாள் சைக்கிளை மதகில் சாய்த்து வைத்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, விரலைச் சேலையில் துடைத்து, டேட்டாவை மாற்றுவார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில், அதே சடங்கு. "மச்சாள் கியர் மாத்துறா" என்று போகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். "ஓம்கா, உங்கட கம்பனிக்காரன் ரோட்டை அந்தளவுக்குத்தான் போட்டிரிக்கான்" என்று பதில் வரும். மூன்று வருஷம் ஒரு நாளும் பிசகவில்லை.

மகள் தனுஷா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டு எஜமானி கிழமை முழுக்கப் போனை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் மட்டும் கொடுப்பாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் போனைப் பூட்டி வைக்க இவள் யார் என்று நான் கேட்டேன். "அரை மணித்தியாலமாவது குடுக்கிறாளே" என்றார் மச்சாள். அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பணிவான பேச்சு அதுதான், அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

தனுஷா போனது வீட்டுக்காக. மச்சாளின் வளவிலேயே அவளுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் நின்றது, வயரிங் குழாய் நான் பதித்தேன், கூரை மட்டும் பாக்கி. அவளுடைய குவைத் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. மாசி வேளாண்மை வீடு வந்தால் கூரை போடலாம், தனுஷா திரும்பி வரலாம். வராவிட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டரை ஏக்கரில் நின்ற கதிர் முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் நின்றது.

கதிரும் அந்த முறை அப்படி நின்றது. நோய் இல்லை, பதர் இல்லை. யானைக்குப் பயந்து மச்சாள் வயல் வாடியில், அந்தக் காவல் குடிசையிலேயே தங்கத் தொடங்கினார். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வெட்டு மெசின் வரும் என்று விதானையார் ஏற்கெனவே அறிவித்திருந்தார். அதற்கு முந்தின வெள்ளி பின்னேரம் தனுஷாவோடு பேசுவதற்காக மச்சாள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது புது வீட்டுச் சுவரில் சுவிட்ச் பெட்டி பதித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, மடம் கேக்கிறா. இரிக்கிறதா, போறதா எண்டு இந்த மாசம் முடியச் சொல்லட்டாம்" என்றாள் தனுஷா. மடம் என்பது அந்த எஜமானி.

"போறன் எண்டு சொல்லு. நெல்லு நிக்கிற நிலயப் பாத்தா வீட்டுக்குக் கூரை போட்டு மிச்சமும் இரிக்கும். வா மகள், நீ வந்திரு!"

அந்தச் சத்தம் துறைவரைக்கும் கேட்டிருக்கும். கதைத்து முடித்ததும் அரிசி, தேங்காய், நெருப்புப் பெட்டி எல்லாவற்றையும் பையில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். மனிசி சந்தோஷத்தில் மிதித்துக்கொண்டு போனார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மதகில் சைக்கிளைச் சாய்க்காமல் போய்விட்டார்.

அடுத்த நாள், சனிக்கிழமை காலை, விதானையாரின் குரல் குறூப்பில் வந்தது. "எல்லாருக்கும் அறியத் தாறது. மெசின்காரன் வெள்ளிக்கிழமை வேற இடத்துக்குப் போறானாம். அதால செவ்வாய்க்கிழமையே எங்கட வட்டைக்கு வாறான். இண்டைக்கே தண்ணிய வடிச்சு விட்டிருங்க. தண்ணி நிண்டா இறங்க மாட்டன் எண்டு சொல்லிட்டான்."

நெல் முற்றினாலும் கடைசி நாட்களில் வயலில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மெசின் இறங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னமே வரம்பை வெட்டித் தண்ணீரை விட்டால்தான் நிலம் இறுகும். இல்லாவிட்டால் மெசின் புதைந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கேட்டோம். எல்லோரும் கட்டை விரல் போட்டோம்.

நான் ஞாயிறு விடியக் காலையில் போய் என் வரம்பை வெட்டினேன். கல்லாற்றில் ஒரு வீட்டில் வேலை காத்திருந்தது, அவசரம். அடுத்த வயலில் மச்சாளின் வாடியிலிருந்து அடுப்புப் புகை எழும்பியதைப் பார்த்தேன். ஒரு கூப்பிடு தூரம். "மச்சாள், தண்ணிய வடிச்சிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை. கேட்டிருப்பார்தானே, குறூப்பில் இருக்கிறார்தானே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு என்மேல் வருகிற ஆத்திரம் இந்த இடத்தில்தான் ஆகக் கூட.

மச்சாள் என்ன செய்தார் தெரியுமா? மேலிருந்து நாங்கள் எல்லோரும் வடித்த தண்ணீர் வடிச்சல் வாய்க்காலில் நிரம்பி ஓடுவதைப் பார்த்தார். குளத்தில் கதவு திறந்துவிட்டார்கள் போல என்று நினைத்தார். தன் வயலுக்குள் வந்துவிடாமல் வரம்பை உயர்த்திக் கட்டினார். உள்ளே நின்ற தண்ணீர் வடிய இருந்த வழியும் அதோடு அடைபட்டது. இடையில் போனையும் பார்த்திருக்கிறார். குறூப்பில் பூவும் இல்லை, வீடியோவும் இல்லை. எல்லோரும் வெட்டுக்கு ஆயத்தப்படுவதில் மூழ்கிவிட்டார்கள், இரண்டு நாளாவது வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களே என்று நிம்மதிப்பட்டாராம்.

செவ்வாய்க்கிழமை விடியக் காலையில் நாலைந்து மெசின்கள் வந்து ஒவ்வொரு வயலாக வெட்டிக்கொண்டு போயின. மத்தியானம் அவற்றில் ஒன்று என் ஏக்கரை முடித்துவிட்டு மச்சாளின் வரம்பில் வந்து நின்றது. காலையில் கேட்ட சத்தம் பக்கத்து வட்டையில் என்று மச்சாள் நினைத்திருந்தாராம். வெள்ளிக்கிழமைக்கு வரவேண்டிய மெசின் செவ்வாயில் வந்து நிற்கிறதே என்று அவர் வாடியிலிருந்து ஓடி வந்தார். ஓட்டி வந்த சிங்களப் பையன் இறங்கி, காலை வயலுக்குள் வைத்துப் பார்த்தான். கெண்டைக்கால் வரை போனது. "வத்துர வெடியி, அம்மே" என்றான். தண்ணீர் கூடவாம். தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டான். மச்சாள் மெசினுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவன் பாவம், பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு போனான்.

வாய்க்கால் கட்டில் மெசின்களை லொறியில் ஏற்றும் இடத்துக்கு மச்சாள் சேற்றுக் காலோடு வந்தார். விதானையார் அங்கே நின்றார். நானும் நின்றேன்.

"விதானையார், எனக்கேன் சொல்லல்ல?"

"சொன்னனே அன்னம்! சனிக்கிழமையே குறூப்பில போட்டுட்டன். எல்லாரும் கேட்டு வடிச்சிட்டாங்க. நீ மட்டும் கேக்காட்டி நான் என்னத்தச் செய்யிற?"

"எங்க போட்டீங்க? இந்தா, பாருங்க. வெள்ளிக்கிழமை வந்த முருகனுக்குப் பிறகு ஒண்டுமில்ல."

நான் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். டேட்டா வீட்டுச்சிம்மில் கிடந்தது. "மச்சாள், மதகடியில மாத்தல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

விதானையாருக்குக் காது கூர்மை. "பாத்தியா? பிழை உன்ட போனில. உன்ட போன் வேலை செய்யாட்டி ஊர் என்ன செய்யும்?" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவருடைய பல்லைக் கழற்றிக் கையில் கொடுக்கலாம் போலிருந்தது எனக்கு.

மச்சாள் போனை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "ஓம். பிழைதான். பிள்ளை வரப்போறாள் எண்ட சந்தோசத்தில மறந்திட்டன்" என்றார். "ஆனா விதானையார், டேட்டாதானே இல்ல. வயல் நம்பருக்குக் கோல் வரும். என்ட வாடியும் அந்தாத் தெரியிது. மூண்டு நாள் இரிந்திச்சு. ஒரு கோல் எடுத்திரிந்தா என்ன?"

"நாப்பது பேருக்கும் கோல் எடுத்துக்கொண்டு இரிக்கேலுமா?"

"நாப்பது பேருக்குத் தேவல்ல. உங்கட போன ஒருக்காத் தாங்க" என்றேன் நான். வந்த மாப்பிள்ளை கேட்டதால் யோசிக்காமல் தந்துவிட்டார். அவர் போட்ட குரலை அமத்திப் பிடித்து, யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியலைத் திறந்தேன். முப்பத்தொன்பது பேர் கேட்டிருந்தார்கள். இல்லாத பெயர் ஒன்றே ஒன்று. பக்கத்தில் நின்றவர்களுக்கு அதைக் காட்டினேன். "ஒராளுக்குப் போகல்ல எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

விதானையார் லொறியைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். "பாத்தனான்" என்றார்.

"எப்ப?"

"சனிக்கிழமை பின்னேரமே பாத்தன். கோல் எடுக்கத்தான் நினைச்சன். எடுத்தா இவள் பேசுவாள். கூட்டத்தில அத்தின பேருக்கு முன்னால என்ன நாறடிச்சவள்தானே. உன்ட வாய்க்குப் பயந்து சும்மா இரிந்திட்டன் அன்னம். ஆராவது சொல்லுவாங்க எண்டு நினைச்சன்."

எல்லோரும் மச்சாளைப் பார்த்தோம். இப்போது வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன், வெடிக்க வேண்டும் என்றும் விரும்பினேன். அவரோ திரும்பி வயலுக்குப் போய், தான் உயர்த்திக் கட்டின வரம்பைத் தானே மண்வெட்டியால் வெட்டினார். நான் பின்னால் ஓடிப் போய் மற்றப் பக்கத்தை வெட்டினேன்.

மெசின்காரன் எட்டு நாளில் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தான். மழை இரண்டு நாளில் வந்தது. வியாழன் மத்தியானம் பிடித்து சனிக்கிழமை வரை விடவில்லை. முற்றின கதிர், பாரம் தாங்காமல் தண்ணீரிலேயே படுத்துவிட்டது. மற்ற நாற்பது பேரின் நெல்லும் தறப்பாளுக்குள் பத்திரமாக இருந்தது. குறூப்பில் மழை வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

படுத்த நெல்லை எந்த மெசினும் வெட்டாது, கையால்தான் வெட்ட வேண்டும். மச்சாளும் நானும் சுலோஜனாவும் இன்னும் நாலு பெண்களும் மழைக்குள் இறங்கினோம். அரிவாள் பிடித்துப் பழகாத என் கை முதல் நாளே கொப்பளித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் நானும் மச்சாளும் வீட்டிலிருந்து சேர்ந்துதான் போனோம். மதகு வந்ததும் நான் சைக்கிளை நிறுத்தி, "மச்சாள், சிம்" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வயலில டேட்டா இரிந்தா பிள்ளை வீடியோவில வருவாள். இந்தச் சேத்துக்குள்ள நிண்டு என்னத்தக் காட்டுற?" என்று சொல்லிக்கொண்டே மிதித்துப் போய்விட்டார். இந்த முறை மறதி இல்லை. தெரிந்துகொண்டே வீட்டுச்சிம்மில் விட்டுவிட்டுப் போனார். குவைத்தில் ஒரு பெண் அந்த அரை மணித்தியாலம் முழுக்கத் தாயை அழைத்துப் பார்த்துக் களைத்திருப்பாள்.

மூன்றில் ஒரு பங்கு தேறியது. மீதி முளைவிட்டுப் போயிற்று. கதிரிலேயே வெள்ளை வெள்ளையாக வேர் வந்திருந்ததை மச்சாள் ஒரு பிடி அள்ளி என்னிடம் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் மச்சாளின் வளவில் நின்றேன். புது வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த வயர் உருளைகளைக் கூரையில்லாத வீட்டுக்குள் விட்டால் பழுதாகிவிடும், அதனால் திருப்பி எடுத்துப் போக வந்திருந்தேன். விதானையார் உழவு மெசினில் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தார். வெட்டு முடிந்ததல்லவா, வயற்காரர்களிடம் தன் பங்கு நெல்லைச் சேர்க்கிற நாள். பெட்டியில் பாதிக்கு மேல் மூட்டைகள் நிறைந்திருந்தன. இறங்க வெட்கப்பட்டு வாசலில் நின்றே கேட்டார்.

"அன்னம்... என்ட நெல்லு?"

மச்சாள் உள்ளேயிருந்து வந்தார். "உங்கட பங்க நான் வைச்சனான் விதானையார். ஒரு மூட்டை, நல்ல நெல்லு. முளைச்சது இல்ல. குறூப்பில போட்டனே, பாக்கல்லையா?"

"குறூப்பிலயா?"

"திங்கக்கிழமை படத்தோட வொய்ஸ் போட்டன். புதன்கிழமைக்கு முதல் வந்து எடுங்க, பிந்தினா வெட்டின பெண்டுகளுக்குக் குடுத்திருவன் எண்டு. எல்லாரும் கேட்டிரிக்காங்க. நீங்க வரல்ல. குடுத்திட்டன்."

விதானையார் அவசரமாகப் போனை எடுத்துத் தேடினார். ரோசாப்பூக்களுக்கும் முருகன்களுக்கும் நடுவில் அந்த மூட்டையின் படம் இருந்தது. எனக்குத் தெரியும், நான் பார்த்திருந்தேன். கட்டை விரல் போடவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. குறூப்பில் கேட்டவர்களில் ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"ஒரு கோல் எடுத்திரிக்கலாமே அன்னம்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"எடுத்திரிக்கலாம். உங்கட வாய்க்குப் பயமாக் கிடந்திச்சு விதானையார்."

அவர் நின்றார், என்னைப் பார்த்தார், நான் வயரைச் சுற்றினேன். உழவு மெசின் திரும்பிப் போகும் சத்தம் சந்திவரைக்கும் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் மச்சாளைப் பார்த்து ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேட்டா எந்தச் சிம்மில் கிடக்கிறது என்று போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது வீட்டுச்சிம்தானே? ஒருக்காப் பாருங்க. கண் தெளிவில்ல."

பார்த்தேன். வீட்டுச்சிம்தான். சொல்லி வாய் மூடவில்லை, தனுஷாவின் முகம் வந்தது. வாவிக் காற்றோடு வந்த சிக்னல் அன்றைக்கு ஒரு துளிகூடப் பிசகவில்லை. மகளின் கண் வீங்கியிருந்தது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா, போன கிழமை ஏன் எடுக்கல்ல? எத்தின தரம் எடுத்தன். சுலோஜனா சின்னம்மா நேத்து வொய்ஸ் போட்டிரிந்தா, இண்டைக்குப் போனத் தந்த உடன கேட்டன். எல்லாம் தெரியும். ஒண்டும் யோசிக்காதீங்க. கையெழுத்து வைச்சிட்டன் அம்மா. ரெண்டு வருசம்தானே, ஓடிரும்."

நான் மச்சாளின் வாயைப் பார்த்தேன். உரக்கடைக்காரனையும் லொறிக்காரனையும் விதானையையும் நடுங்க வைத்த வாய். இப்போதாவது அது திறக்கட்டும், இந்தக் கம்பனிக்காரர்களை, அந்த எஜமானியை, குறூப்பை, பக்கத்து வரம்பில் நின்றும் கூப்பிடாமல் போன என்னை, யாரையாவது கிழிக்கட்டும் என்று நின்றேன்.

"சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டார் அவர். அதைத் தனுஷாவுக்கே இரண்டாந்தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது, சத்தம் அவ்வளவு தாழ்ந்திருந்தது.